நாலு விசில் வெச்ச ஸ்பாஞ்சு

கிருமின்னா எனக்கு ஆகாது. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் பண்ற பிரிவுல பத்தொன்பது வருஷமா வேலை பாக்கறேன். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தமும் சதையுமா எங்கிட்ட வரும். ஊற வெச்சு, பிரஷ் போட்டுத் தேச்சு, நீலத் துணியில பொட்டலம் கட்டி நீராவி மெஷினுக்குள்ள தள்ளுவேன். பொட்டலத்து மேல ஒட்டின டேப்புல கோடு கறுத்து வந்தாத்தான் சுத்தம்னு அர்த்தம். கறுக்கலைன்னா பெரிய டாக்டரே வாசல்ல வந்து நின்னாலும் ஒரு ஊசி வெளியே போகாது. "இந்தம்மா கையில மாட்டின கிருமி தப்பிச்சதா சரித்திரமே இல்லை"ன்னு நர்சுங்க சொல்லுவாங்க. எனக்கு அதுல பெருமைதான், பொய் சொல்வானேன்?

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரோட தங்கச்சி, அதாவது என் நாத்தனார், எங்களுக்கு மேல் மாடியில குடியிருக்கா. அவ புருஷன் கப்பல்ல வேலை. ஆறு மாசம் தண்ணியில, ரெண்டு மாசம் தரையில. அவர் தண்ணியில இருக்கற ஆறு மாசமும் இவளுக்குத் துணை ஒரு கண்ணாடித் தொட்டியும் அதுல ஏழு தங்கமீனும்தான். ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கா. பெருசா, மீசை இல்லாத குறையா முறைச்சுக்கிட்டுத் திரியறது ஹெட்மாஸ்டர். வெள்ளையா இருக்கறது நர்சம்மா. உருண்டையா இருக்கறது பூசணி. மத்த நாலுக்கும் பேர் உண்டு, எனக்குத்தான் நினைவுல நிக்காது.

அவளுக்கு ஆபீஸ்ல பத்து நாள் பயிற்சி வந்துச்சு, வேற கிளையில. சனிக்கிழமை காலையில பெட்டியோட வந்து சாவியை என் கையில குடுத்தா. கூடவே ஒரு சீட்டு. ரெண்டு வேளை ஒரு சிட்டிகை தீனி போடணும், ஆறு மணிக்கு விளக்கை அணைக்கணும், ஊத்தறதா இருந்தா பக்கெட்டுல ஒரு நாள் பிடிச்சு வெச்ச தண்ணியைத்தான் ஊத்தணும். கடைசியா, அடியில ரெண்டு கோடு போட்டு: "அண்ணி, ப்ளீஸ், எதையும் சுத்தம் பண்ண வேண்டாம்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவ ஏன் எழுதினான்னு தெரியும். முன்னாடி ஒரு தடவை அவ காய்ச்சல்ல படுத்திருந்தப்போ போய் சமையல்கட்டைச் சுத்தம் பண்ணேன். மூணு வருஷமா எண்ணெய் ஏத்திப் பழக்கி வெச்சிருந்த இரும்புச் சட்டியை வெள்ளி மாதிரி தேச்சு வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அந்தச் சட்டியில எதைப் போட்டாலும் ஒட்டிக்குதாம். நல்லது பண்ணப் போய் வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம். இருந்தாலும் சீட்டை மடிச்சு வெச்சுக்கிட்டு, "நீ போயிட்டு வா, ஒரு குறையும் வராது"ன்னு சொல்லி அனுப்பிவெச்சேன்.

ஏன் அவ்வளவு பவ்யமா அனுப்பிவெச்சேன்னு சொல்லிடறேன். அவ அஞ்சு மாசம். மாசமா இருக்கான்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு, ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, அந்தக் கதையை இழுக்க வேண்டாம். பொறாமையில அழுதேன்னு நினைக்காதீங்க. சரி, கொஞ்சம் பொறாமையும் இருந்துச்சு. ஆனா முக்காவாசி சந்தோஷம். ஏன்னா அவ லீவு முடிஞ்சு வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும், அந்த ஆள் நான்தான்னு நானே மனசுக்குள்ள முடிவு கட்டிட்டேன். அடுத்த வருஷம் எனக்கு இருபது வருஷ சர்வீஸ் முடியுது. முடிஞ்ச மறுநாளே வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

ஆனா அவ கேக்கவே இல்லை. ரெண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைக் காப்பகத்துல பேரைப் பதிஞ்சு வெச்சிருக்கா. பயிற்சி முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இடம் வேணுமா வேண்டாமான்னு உறுதி சொல்லணுமாம். இதுவும் எங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நீயே போய்க் கேளேன்"னார்.

"நானா? நான் எதுக்குக் கேக்கணும்? குழந்தை அவளோடது. வேணும்னா அவ கேக்கட்டும்."

"அப்ப கேக்காம உக்காந்திரு."

"உக்காந்துதான் இருக்கேன்"னேன். அந்த நேரத்துலதான் சாவி வந்துச்சு. மீனைக் குடுக்கறவ நாளைக்குக் குழந்தையைக் குடுக்க மாட்டாளா? பத்து நாள் ஏழு மீனையும் கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிட்டா, ஆறு மணிக்குள்ள அவ மனசு தன்னால மாறும். இது என் கணக்கு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை காலையில தீனி போடப் போனா, வீடு ரொம்ப அமைதியா இருக்கு. தொட்டியோட பின்பக்கத்துல ஒரு ஃபில்டர் பெட்டி தொங்கும். மோட்டார் தண்ணியை உறிஞ்சும், தண்ணி ஸ்பாஞ்சு வழியா, பீங்கான் வளையங்கள் வழியா ஏறி, திரும்பத் தொட்டியிலயே சலசலன்னு விழும். அந்தச் சத்தம் இல்லை. மோட்டார் மட்டும் உம்முன்னு உறுமிக்கிட்டுக் கிடக்கு. கீழ ஓடி வந்து எங்க வீட்டுக்காரரைத் தூக்கத்துலேருந்து எழுப்பினேன்.

"மோட்டார் போச்சா? வேற வாங்கணுமா?"

"முதல்ல பாப்போம். எனக்கு எட்டு மாடி லிஃப்டே பயப்படும், இது என்ன சுண்டைக்கா"ன்னு கொட்டாவி விட்டுக்கிட்டே வந்தார். பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியைக் கழட்டி, அடியில இருந்த குட்டி விசிறியை வெளியே இழுத்தார். காந்தத்துல செஞ்ச சுண்டுவிரல் அளவு விசிறி. அதோட இறக்கைக்கு நடுவுல ஒரு நத்தைக் குஞ்சு, மிளகு சைஸ்ல, உள்ள போய் மாட்டிக்கிட்டு விசிறியைச் சுத்த விடாம நிறுத்தியிருக்கு. பல்குத்தற குச்சியால நெம்பி எடுத்தார். மாட்டினார். பிளக்கைப் போட்டார். சலசலன்னு தண்ணி விழுந்துச்சு. மொத்தம் ரெண்டு நிமிஷம்.

"முடிஞ்சுது. ஓடற மெஷினை நோண்டக் கூடாது. எங்க தொழில்ல முதல் பாடமே அதான்"னு சொல்லிட்டு அவர் மறுபடி தூங்கப் போயிட்டார்.

அதோட நானும் இறங்கி வந்திருக்கணும். ஆனா அவர் பெட்டியைத் திறந்தப்போ அந்த ஸ்பாஞ்சு என் கண்ணுல பட்டுடுச்சே! பழுப்பா, கொழகொழன்னு, சேத்துலேருந்து எடுத்த மாதிரி. பீங்கான் வளையத்துலயும் அதே வழுவழுப்பு. அந்த அழுக்கு வழியா வர்ற தண்ணியையா மீன் குடிக்குது? ஒரு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இப்படி ஒரு பொருளைப் பாத்தா அன்னைக்கே எனக்கு வேலை போயிருக்கும். சீட்டு நினைவுக்கு வந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா இது சமையல்கட்டு இல்லையே, உயிர் இருக்கற இடம். இதைச் சுத்தம் பண்ணி வெச்சா அவ வந்து பாத்துட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட மாட்டாளா?

சோப்பு போடலை. சோப்பு மீனுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா என்ன? ஸ்பாஞ்சையும் வளையங்களையும் எடுத்துட்டு வந்து, எங்க வீட்டுப் பழைய குக்கர்ல தண்ணி ஊத்திப் போட்டு அடுப்புல ஏத்திட்டேன். வீட்டுல நீராவி மெஷினுக்கு அதுதான் நெருங்கின சொந்தம். மூணு விசில் போதும்னுதான் நினைச்சேன், மனசு கேக்கலை, நாலு விசில் வெச்சேன். தொட்டியோட அடியில கிடந்த கூழாங்கல்லையும் விடலை, வெந்நீர்ல அலசி எடுத்தேன். பழுப்புன்னு நினைச்சுக்கிட்டிருந்த ஸ்பாஞ்சு நிஜத்துல நல்ல நீலக் கலர்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எல்லாத்தையும் ஆற வெச்சு மாட்டிட்டு, பிடிச்சு வெச்ச தண்ணியை ஊத்தி, சோபாவுல உக்காந்து அரைமணி நேரம் அழகு பாத்தேன். கண்ணாடியா, வெறும் காத்தான்னு தெரியாத அளவுக்குப் பளபளப்பு. ஹெட்மாஸ்டர் கூட முறைக்காம என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

திங்கள், செவ்வாய் ஒரு வம்பும் இல்லை. புதன்கிழமை டூட்டி முடிஞ்சு போய்ப் பாத்தா, தண்ணி பாலைக் கலக்கின மாதிரி வெள்ளையா நிக்குது. மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. அப்பக்கூட என் புத்தி எங்க போச்சு தெரியுமா? 'ஆறு விசில் வெச்சிருக்கணும்'னு போச்சு.

சரியா அந்த நேரம் பாத்து அவ போன் பண்றா. "என் பிள்ளைங்க எப்படி இருக்கு அண்ணி?"

"அதுங்களுக்கென்ன, ஜோரா இருக்கு"ன்னேன். நாக்கு கூசாமச் சொன்னேன். போனை வெச்சதுக்கப்புறம்தான் கூசுச்சு.

வியாழக்கிழமை காலையில நர்சம்மா தண்ணிக்கு மேல மல்லாந்து கிடந்துச்சு. அன்னைக்கு லீவு சொல்லிட்டு, தொட்டித் தண்ணியில கொஞ்சம் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு, மீன் விக்கற கடையைத் தேடிப் போனேன். உள்ள நுழைஞ்சா தரையெல்லாம் ஈரம், சுவரெல்லாம் தொட்டி, நடுவுல பேண்டை முழங்கால் வரைக்கும் மடிச்சுவிட்ட கடைக்காரர். பாட்டிலை வாங்கி, ஒரு குழாயில ஊத்தி, ரெண்டு மருந்துலேருந்து சொட்டுச் சொட்டா விட்டார். தண்ணி மஞ்சளா நின்னா நல்லதாம். எங்க தண்ணி கரும்பச்சையா மாறிச்சு.

"ஃபில்டரைக் கழுவினீங்களா?"

"கழுவினேன். சுத்தமாக் கழுவினேன்."

"எதுல?"

"குக்கர்ல."

அவர் கையில இருந்த வலையைக் கீழ வெச்சார். "எதுல?"

"குக்கர்லங்க. நாலு விசில்."

அந்த மனுஷன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உக்காரச் சொன்னார். அதுலயே விஷயம் பெருசுன்னு புரிஞ்சுபோச்சு. "மீன் தண்ணியிலயே தின்னு தண்ணியிலயே எல்லாம் போகும்மா. அந்தக் கழிவு அதுக்கே விஷம். அதைத் தின்னு தீக்கற கிருமி அந்த ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும்தான் குடியிருக்கும். கொழகொழன்னு ஒண்ணு இருந்துச்சே, அதான். அது குடியேற மாசக் கணக்காகும். நீங்க ஒரு ஊரையே காலி பண்ணிட்டீங்க."

"நல்ல கிருமியா?"ன்னு கேட்டேன். என் வாயால அப்படி ஒரு வார்த்தை வரும்னு நான் கனவுலயும் நினைச்சதில்லை.

"நல்ல கிருமிதான். அது இல்லாம ஒரு மீனும் பிழைக்காது."

தீனியை நிறுத்தச் சொன்னார். தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்தச் சொன்னார். அதைவிட முக்கியம், வேற ஒரு தொட்டியில ரொம்ப நாளா ஓடற பழைய ஸ்பாஞ்சு வேணுமாம், அழுக்கோட. அதைக் கொண்டுவந்து இந்த ஃபில்டருக்குள்ள வெச்சா அந்தக் கிருமி இங்க பரவுமாம். "உங்க கடையில இவ்வளவு இருக்கே, ஒண்ணு குடுங்களேன்"னேன். "என் கடையில தினம் புதுப் புது மீன் வருது, கூடவே நோயும் வரும். நம்பிக் குடுக்க முடியாது. வீட்டுத் தொட்டியாப் பாருங்க. வருஷக்கணக்கா மீன் சாகாத தொட்டியா இருக்கணும். இன்னைக்கே பாருங்க"ன்னுட்டார்.

வருஷக்கணக்கா மீன் சாகாத தொட்டி. எனக்கு ஒரே ஒரு தொட்டிதான் தெரியும். எங்க கட்டடத்துல தரைத்தளத்துல கணக்கு டியூஷன் எடுக்கற வாத்தியாரோடது. அவருக்கு நான் வெச்சிருக்கற பேர் பாசி. ஜன்னலோரம் அவர் தொட்டி, நாலு பக்கமும் பச்சைப்பசேல்னு பாசி படிஞ்சு, உள்ள மீன் இருக்கா யானை இருக்கான்னு தெரியாது. வாசல்ல எப்பவும் ரெண்டு பக்கெட் கலங்கின தண்ணி. அதைப் பத்தி நான் கட்டடக் கமிட்டிக்கு மூணு புகார் எழுதியிருக்கேன். மூணாவதைச் சிவப்பு மையில எழுதி, படிக்கட்டுக்குப் பக்கத்துல எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டியும் வெச்சேன். ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாது.

கதவைத் தட்டினேன். அவர் திறந்தார், விரலெல்லாம் சாக்பீஸ் மாவு.

"வாங்க. நாலாவது புகாரா? நேர்லயே குடுக்கற அளவுக்கு முன்னேறிட்டீங்களா?"

"இல்லைங்க. எனக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும்."

"என்ன வேணும்?"

"அழுக்கு. உங்க தொட்டி ஃபில்டர்ல இருக்கறது."

அவர் கதவுல சாஞ்சு நின்னார். முகத்துல அப்படி ஒரு ஆனந்தம். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்கு இந்தக் காது மந்தம்."

எனக்குச் சுள்ளுனு ஏறிச்சு. வேற நாளா இருந்தா, அந்தக் காதுக்கு நாலு வார்த்தை வெச்சுட்டு வந்திருப்பேன். ஆனா மேல ஆறு உயிர் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. "அழுக்கு வேணும், வாத்தியாரே!"ன்னு மாடி வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினேன். "உங்க தொட்டி அழுக்கு நல்ல அழுக்கு. நான்தான் தெரியாம எழுதிட்டேன். மீன் சாகுது, சீக்கிரம் குடுங்க!"

மீன் சாகுதுன்னு கேட்டதும் மனுஷனோட சிரிப்பு போன இடம் தெரியலை. விறுவிறுன்னு உள்ள போய் ஃபில்டரைத் திறந்து, ஸ்பாஞ்சை எடுத்து, கத்தரியால ரெண்டா வெட்டினார். "பாதி உங்களுக்கு. மீதி என் மீனுக்கு வேணும்"னு சொல்லி, தன்னோட தொட்டித் தண்ணியையே ஒரு பாத்திரத்துல மொண்டு, அதுல முக்கிக் குடுத்தார். "காய விடாதீங்க. கையால பிழியாதீங்க. தயவுசெஞ்சு கழுவிடாதீங்க!"

அந்தப் பாத்திரத்தை ஏந்திக்கிட்டு நாலு மாடி ஏறினேன். லிஃப்ட் இல்லையான்னு கேக்காதீங்க. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல லிஃப்ட் என்னைக்கு ஓடியிருக்கு? ரெண்டாவது மாடித் திருப்பத்துல கமிட்டித் தலைவர் எதிர்ல வந்தார். பாத்திரத்தை எட்டிப் பாத்துட்டு, "என்னம்மா இது, ஆதாரமா?"ன்னார். "மருந்து"ன்னு சொல்லிட்டு ஏறிக்கிட்டே இருந்தேன்.

ஃபில்டர்ல வெச்சேன். கையில கையுறை இல்லை, ஒண்ணும் இல்லை. அந்தக் கொழகொழப்பு முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. ஒரு சொட்டு கூட வீணாகக் கூடாதேன்னு வழிஞ்சதையும் பெட்டிக்குள்ளயே சொட்ட விட்டேன். என்னை ஆஸ்பத்திரியில யாராவது பாத்திருந்தா மயக்கம் போட்டிருப்பாங்க. அன்னைக்குலேருந்து காலையில, சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்திப் பக்கெட் தூக்கினோம். அவர் முதுகைப் பிடிச்சுக்கிட்டு, "ரெண்டு நிமிஷத்துல முடிச்ச வேலை இது"ன்னு ஒரு தடவை சொன்னார். நான் பாத்த பார்வையில ரெண்டாவது தடவை சொல்லலை.

அப்படியும் வெள்ளிக்கிழமை பூசணி போயிடுச்சு. தொட்டியோட மூலையில, தூங்கற மாதிரி. நான் தரையில உக்காந்து அழுதேன். மீனுக்காக அழுதேன், எனக்காகவும்தான் அழுதேன். ஒரு சின்ன ஸ்பாஞ்சைச் சும்மா விடத் தெரியாதவளுக்கு யார் குழந்தையைக் குடுப்பா?

வீட்டுக்காரருக்கு நான் அழறதைத் தாங்க முடியாது. "விடு. அதே மாதிரி வெள்ளையா ஒண்ணு, உருண்டையா ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம். அவளுக்கு என்ன தெரியப் போகுது?"

சனிக்கிழமை காலையில கடைக்கும் போயிட்டேன். கடைக்காரர் பொறுமையாத் தேடி, அச்சு அசல் அதே மாதிரி ரெண்டைப் பிடிச்சுப் பையில போட்டுக் கையில குடுத்தார். பையைத் தூக்கிப் பாத்தேன். நர்சம்மாவேதான், பூசணியேதான். அவளுக்கு நிச்சயமாத் தெரியாது. அப்பத்தான் எனக்குள்ள ஒரு கேள்வி: நாளைக்குக் குழந்தை உன் கையிலேருந்து நழுவி விழுந்து நெத்தியில வீங்கிப்போனா, அதையும் இப்படித்தான் மூடி மறைப்பியாடி? பையைத் திரும்ப அவர் கையிலயே வெச்சேன். "வேண்டாங்க. மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கிட்டேதான் வந்தேன், பொழைக்கத் தெரியாதவள்னு.

சாயங்காலம் தண்ணி கொஞ்சம் தெளிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ஹெட்மாஸ்டர் கீழ இறங்கிக் கல்லைக் கொத்திச்சு. வாத்தியார் தன்னோட மருந்துப் பாட்டிலோட நாலு மாடி ஏறி வந்து, சொட்டு விட்டுப் பாத்து, "இளம்பச்சை. தேறிடும்"னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு அவ வந்தா. பத்து நாள்ல வயிறு இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்துச்சு. பெட்டியை வாசல்லயே போட்டுட்டு நேரா தொட்டிகிட்ட போனா. எண்ண ஆரம்பிச்சா. நான் எண்ண விடலை.

"அஞ்சுதான் இருக்கு. நர்சம்மாவும் பூசணியும் செத்துப்போச்சு. தானாச் சாகலை, நான்தான் கொன்னேன். போன்ல ஜோரா இருக்குன்னு சொன்னதும் பொய். நீ சுத்தம் பண்ணாதேன்னு எழுதிக் குடுத்தே, நான் பண்ணேன். ஸ்பாஞ்சைக் குக்கர்ல போட்டேன்."

அவ திரும்பி என்னைப் பாத்தா. "குக்கர்லயா?"

"நாலு விசில்."

முதல்ல அவ உதடு துடிச்சுது. அழப்போறான்னு நினைச்சேன். சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சோபாவுல சாஞ்சு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சா. அப்புறம் நிஜமாவே அழுதா. "பூசணியை நான் இத்துனூண்டாக் கொண்டுவந்தேன் அண்ணி"ன்னு விரல்ல காட்டி அழுதா. நான் பக்கத்துல போய் உக்காந்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ முகத்தைத் துடைச்சுக்கிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பாத்தா. "அஞ்சரை ஆச்சு. காப்பகத்துக்கு ஒரு போன் பண்ணணும்"னு எழுந்திரிக்கப் பாத்தா.

கணக்கு, கௌரவம் எல்லாம் அந்த நேரத்துல எங்க போச்சோ தெரியலை. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"ன்னேன். "ஒரே கட்டடம். ஒரு மாடி இறங்கினா என் வீடு. என்னை ஏன் நீ கேக்கவே இல்லை?"

அவ அப்படியே உக்காந்துட்டா. "எப்படி அண்ணி கேப்பேன்? ஸ்கேன் படத்தை எடுத்துட்டு உங்ககிட்டத்தான் முதல்ல ஓடி வந்தேன். நீங்க படத்தைப் பாக்கவே இல்லை. அடுப்பைத் துடைக்கணும்னு உள்ள போயிட்டீங்க. குழந்தைப் பேச்சு எடுத்தாலே எழுந்திரிச்சுப் போயிடறீங்க. என் குழந்தையைத் தூக்கிக்கிட்டு தினம் உங்க வாசல்ல வந்து நின்னா உங்க மனசு என்ன பாடுபடும்னுதான்... அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிட்டு இருந்துட்டேன்."

நிஜம்தான். அன்னைக்கு அடுப்புல ஒரு தூசி இல்லை. அவ முன்னாடி கண்ணு கலங்கிடக் கூடாதேன்னு துடைச்ச அடுப்பையே திரும்பத் துடைச்சுக்கிட்டு நின்னேன். அவ அந்தப் பக்கம் படத்தை வெச்சுக்கிட்டு நின்னிருக்கா.

"எனக்கு வேணும்"னேன். குரல் உடைஞ்சு போய்த்தான் வந்துச்சு. "உன் குழந்தையை எங்கிட்ட குடு. நான் பாத்துக்கறேன். எனக்கு மனசு பாடுபட்டா பட்டுட்டுப் போகட்டும். கொஞ்சம் சுத்தம் பாப்பேன், நீ திட்டு, கேட்டுக்கறேன். ஆனா எனக்குக் குடு."

அவ போனை எடுத்து நம்பரைப் போட்டா. எனக்கு உசிரே போயிடுச்சு. அந்தப் பக்கம் மணி அடிக்கற சத்தம் கேட்டுச்சு. யாரோ எடுத்தாங்க. உடனே அவ போனை என் காதுல கொண்டுவந்து வெச்சுட்டா.

"காப்பகம். சொல்லுங்க"ன்னு ஒரு அம்மா குரல்.

நான் என் நாத்தனார் பேரைச் சொன்னேன். "அவங்களுக்கு எடுத்து வெச்சிருந்த இடம் வேண்டாங்க"ன்னேன்.

"சரிங்க. வேற ஏற்பாடு ஆயிடுச்சுங்களா? எழுதிக்கணும், அதான் கேக்கறேன். நீங்க பேசறது யாருங்க?"

நான் அவளைப் பாத்தேன். அவ என் கையை எடுத்துத் தன் வயித்து மேல வெச்சுக்கிட்டா.

"அத்தை"ன்னேன். "குழந்தையோட அத்தை பேசறேன்."